கொடுத்த இடத்தின் நோவு



நம் தருமபுரி மாவட்டத்தில் மாமரத்துக்கு ஒட்டுக் கட்டுவதைப் பார்த்திராத பிள்ளைகள் மிகச் சிலரே இருப்பர். தொட்டியில் வளர்த்த கன்றைத் தாய்மரத்தின் கிளையருகே கொண்டு சென்று, கன்றின் தண்டிலும் கிளையிலும் பட்டையைச் சீவி, சீவிய இரு முகங்களையும் ஒன்றோடொன்று பொருத்திக் கட்டிவிடுவர். இரண்டு மூன்று மாதங்களில் இரண்டும் ஒன்றாகிவிடும். பிறகு கிளையைத் தாய்மரத்திலிருந்து அறுத்துக் கன்றை எடுத்துச் செல்வர். கன்றைக் கண்டு மகிழ்பவர் பலர். தாய்மரத்தில் கிளை அறுபட்ட இடத்தை நின்று பார்ப்பவர் எவருமிலர்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லவேண்டும் என்று ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்தார்கள். ஆகவேதான் மாமரத்திலிருந்து தொடங்கினேன். நான் இன்று சொல்ல வந்தது எலும்பு ஒட்டைப் பற்றியது. முறிந்த எலும்பு தானே கூடாதபோதும், நோயால் எலும்பு அரிக்கப்பட்டுப் பள்ளம் விழுந்தபோதும், அதே மனிதனின் உடலில் வேறோரிடத்திலிருந்து, பெரும்பாலும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பிலிருந்து, கொஞ்சம் எலும்பை எடுத்து அங்கே வைத்து நிரப்புகிறார்கள். பெற்ற இடத்தின் வரலாறு மருத்துவ நூல்களில் விரிவாக உள்ளது. கொடுத்த இடத்தின் வரலாறோ அண்மைக்காலம் வரை எழுதப்படவே இல்லை. இவ்விரண்டாவது வரலாற்றில் எனக்கு ஏன் இத்தனை அக்கறை என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

உடலின் ஓரிடத்திலிருந்து எடுத்து மற்றோரிடத்தில் வைக்கும் கலை நம் நாட்டுக்குப் புதியதன்று. மூக்கறுபட்டவனுக்குக் கன்னத்துத் தோலைக் கொண்டு புதுமூக்கு அமைக்கும் முறையைச் சுசுருதரின் நூல் கூறுகிறது. எவ்வளவு தோல் வேண்டும் என்பதை ஓர் இலையை நறுக்கி அளந்துகொள்ளச் சொல்கிறது அந்நூல். இக்கலை ஐரோப்பியர் கண்ணில் பட்ட கதைக்கும் நம் ஊர் வரலாற்றுக்கும் ஓர் உறவு உண்டு. 1790 முதல் 1792 வரை திப்பு சுல்தானுக்கும் ஆங்கிலக் கம்பெனிக்கும் நடந்த போரை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். அப்போரின் முடிவில், 1792 மார்ச்சு மாதத்து சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி, தருமபுரியை உள்ளிட்ட பாராமகால் நாடு கம்பெனியின் கைக்கு வந்தது. அலெக்சாந்தர் ரீடும் அவருக்கு உதவியாக வந்த தாமஸ் மன்றோவும் இங்கே வயல் வயலாக நிலம் அளந்து தீர்வை விதித்தது அதற்குப் பின்னர்தான்.

அதே போரில் ஆங்கிலப் படையோடு மாட்டு வண்டி ஓட்டிச் சென்ற காவஸ்ஜி என்ற மராட்டியர் ஒருவர் திப்புவின் ஆட்களிடம் சிறைப்பட்டு, மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். ஓராண்டுக்கு மேல் மூக்கின்றித் திரிந்த அவருக்குப் புனாவுக்கு அருகில், செங்கல் செய்யும் வகுப்பைச் சேர்ந்த ஒருவர் புதிய மூக்கு அமைத்தார். மெழுகுத் தகட்டை மூக்கு வடிவில் செய்து, அதனைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துக் கோடு கீறி, அந்த அளவுக்கு நெற்றித் தோலை உரித்துத் திருப்பிக் கீழே பொருத்தினார். ஆங்கில மருத்துவர் இருவர் இதனை நேரில் கண்டனர். 1794 அக்டோபரில் இலண்டனில் வெளிவந்த ஜென்டில்மென்ஸ் மாகஸீன் என்னும் இதழில் இச்செய்தி படத்துடன் அச்சாயிற்று. அதைப் படித்த ஜோசப் கார்ப்யூ என்ற ஆங்கிலேயர் 1814-இல் இலண்டனிலேயே அம்முறையைச் செய்து காட்டினார். இன்று உலகெங்கும் நடைபெறும் ஒட்டறுவை மருத்துவம் தன் மூதாதையரைக் கணக்கெடுக்கும்போது அந்தச் செங்கல் தொழிலாளியை மறப்பதில்லை. அவர் பெயர் மட்டும் ஏட்டில் ஏறவில்லை.

அந்தப் படத்தை நான் பலமுறை உற்று நோக்கியிருக்கிறேன். எல்லோரும் புதிய மூக்கைப் பார்ப்பார்கள். என் கண் நெற்றியிலுள்ள வடுவுக்குத்தான் போகும். மயக்க மருந்து கண்டறியப்படாத காலம் அது. ஈதர் என்னும் மயக்க மருந்தை ஊரறியப் பயன்படுத்தியது 1846-இல்தான். நெற்றியின் நோவு எத்தனை நாள் இருந்தது, வெயிலில் வண்டி ஓட்டும்போது எரிந்ததா, தலைப்பாகை கட்டும்போது உறுத்தியதா என்று அந்த மனிதரை எவரேனும் கேட்டிருப்பாரா?

தோலை விட்டு எலும்புக்கு வருவோம். 1668-இல் அச்சான ஒரு நூலில், ஆம்ஸ்டர்டாம் நகரத்து யோப் வான் மேக்கரன் என்ற மருத்துவர், தலையோடு உடைந்த ஒரு ருசியப் பிரபுவுக்கு நாயின் மண்டையோட்டுத் துண்டை வைத்து நிரப்பிய செய்தியைக் குறிக்கிறார். விலங்கின் எலும்பைத் தலையில் சுமந்ததற்காகத் திருச்சபை அந்தப் பிரபுவை விலக்கி வைத்ததாம். சபையில் மீண்டும் சேர வேண்டி அவர் அத்துண்டை எடுத்துவிடச் சொன்னபோது, அது நன்றாகப் பொருந்திக் கூடிவிட்டிருந்ததாம். கதையில் எவ்வளவு உண்மையோ, மருத்துவ வரலாற்றில் எலும்பு ஒட்டின் முதல் ஏடாக இதைத்தான் காட்டுவர். கொடுத்த நாயைப் பற்றிக் கதை ஒன்றும் சொல்லவில்லை.

மனித எலும்பை மனிதனுக்கு வைத்து நிலையான பயன் கண்டவர் ஸ்காட்லாந்து நாட்டுக் கிளாஸ்கோ நகரத்து வில்லியம் மக்யூவன். சீழ் பிடித்து மேற்கை எலும்பின் பெரும்பகுதியை இழந்திருந்த ஒரு சிறுவனுக்கு, சிறுசிறு எலும்புத் துண்டுகளை அடுக்கி வைத்துக் கையை மீட்டுக் கொடுத்து, அதனை 1881-இல் வெளியிட்டார். அந்தத் துண்டுகள் எங்கிருந்து வந்தன? கால் வளைந்த வேறு குழந்தைகளின் காலை நேராக்குவதற்காக எப்படியும் வெட்டி எடுத்தேயாக வேண்டியிருந்த எலும்பு அது. ஒட்டுக்கென்று எவருக்கும் புதுப்புண் ஏற்படுத்தவில்லை. தற்செயலோ தகைமையோ, அந்த அறுவையில் கொடுத்த இடம் என்று தனியாக ஒன்று இல்லாதிருந்ததை நான் வியந்து படித்தேன்.

அந்த நிலை நீடிக்கவில்லை. 1911-இல் நியூயார்க்கைச் சேர்ந்த பிரெட் ஆல்பீ, காசநோயால் அரிக்கப்பட்ட முதுகெலும்பை நிலைநிறுத்த, நோயாளியின் முழங்காலுக்குக் கீழேயுள்ள கணைக்கால் எலும்பிலிருந்து நீண்ட சட்டம் ஒன்றை அறுத்தெடுத்து முதுகில் பதித்தார். ஆல்பீ இளமையில் பாட்டனாரின் தோட்டத்தில் மரங்களுக்கு ஒட்டுக் கட்டப் பழகியவர். தச்சனின் வாள் போன்று மின்னாற்றலால் ஓடும் வாளையும் எலும்பறுக்கக் கொண்டுவந்தார். முதல் உலகப்போரில் சிதைந்த கைகால்களுடன் வந்த வீரர்களால் இக்கலை வேகமாகப் பரவிற்று. ஆனால் சட்டம் எடுத்த கணைக்கால் சில வேளைகளில் தானே முறிந்தது. முதுகுக்காகக் கொடுத்த கால் ஒடிந்துபோவது கண்கூடான சேதம். ஆகையால் அதனை மருத்துவர்கள் கவனித்தனர். காலப்போக்கில் பெரும்பாலோர் இடுப்பெலும்புக்கு மாறினர்.

இடுப்பெலும்பைத் தேர்ந்ததற்குத் தக்க காரணம் உண்டு. அதன் ஓட்டுக்குள்ளே தேன்கூடு போன்ற மெல்லிய எலும்பும் உயிருள்ள மஜ்ஜையும் நிறைந்திருக்கின்றன. ஒட்டு வைத்த எலும்பில் பெரும்பகுதி இறந்துவிடுகிறது என்றும், சுற்றிலுமிருந்து புது எலும்பு மெல்ல மெல்லத் தவழ்ந்து வந்து அதன் இடத்தைப் பிடிக்கிறது என்றும் 1890-களில் ஜெர்மானியரான பார்த் கண்டு கூறினார். குடியிருந்துகொண்டே பழைய வீட்டைச் சுவர் சுவராக இடித்துக் கட்டுவதைப் போன்றது இது. அவ்வாறு கட்டுவதற்கு வேண்டிய சாரமும், கொத்தனும், கொத்தனை அழைக்கும் ஆளும் ஒருங்கே இருப்பது அவரவர் இடுப்பெலும்பில்தான். வேறெந்தப் பொருளிலும் இம்மூன்றும் ஒன்றாக அமைவது அரிது.

இனி என் காரணத்தைச் சொல்கிறேன்.

1985-ஆம் ஆண்டு மார்கழி மாதம், விடியற்காலைப் பனியில், பென்னாகரம் சாலையில் நான் மிதிவண்டியில் பள்ளிக்குச் சென்றுகொண்டிருந்தேன். எதிரே வந்த சுமைவண்டிக்கு ஒதுங்கப் போய் மதகுச் சுவரில் மோதி விழுந்தேன். வலக்கால் முழங்காலுக்குக் கீழே இரண்டெலும்பும் முறிந்தன. வீட்டார் முதலில் கட்டு வைத்தியரிடம்தான் தூக்கிச் சென்றனர். உளுந்து மாவும் முட்டை வெள்ளையும் குழைத்துப் பூசி, மூங்கில் தப்பை வைத்துக் கட்டினார் அவர். அக்கட்டினால் ஊரில் எத்தனையோ கைகால்கள் கூடியிருக்கின்றன. அவரைக் குறை சொல்ல மாட்டேன். என் கால் மட்டும் எட்டு மாதமாகியும் கூடவில்லை. முறிந்த இடத்தில் இன்னொரு முழங்கால் போல அசைந்தது. பிறகு நகரத்து மருத்துவமனை ஒன்றில் சேர்ந்தேன். இடப்புற இடுப்பிலிருந்து எலும்பெடுத்து வலக்காலில் வைத்தார்கள். ஐந்து மாதத்தில் கால் கூடியது. இன்றைக்கும் அந்தக் காலால் ஒகேனக்கல் படிக்கட்டுகளில் இறங்கி ஏறுகிறேன். அவ்வறுவையைச் செய்த கைகளுக்கு நான் கடமைப்பட்டவன்.

ஆனால் இடுப்பு? அறுவை முடிந்து கண் விழித்தபோது கால் நோகவில்லை. இடுப்புதான் நெருப்பாய் எரிந்தது. தும்மினால் நோவு, இருமினால் நோவு, படுக்கையில் புரண்டால் நோவு. காலுக்கு மாக்கட்டு இருந்தது. நாள்தோறும் மருத்துவர்கள் சுற்றி வந்து காலைத் தட்டிப் பார்த்தனர், படம் பிடித்துப் பார்த்தனர். இடுப்புப் புண் காய்ந்துவிட்டதா என்பதற்கு மேல் அதைப்பற்றிப் பேச்சில்லை. வெளித்தொடையில் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு மரத்துப் போயிருந்தது. விரல் பட்டால் எறும்பு ஊர்வது போலிருக்கும். ஓராண்டு கழிந்தபின் ஒரு நாள் துணிந்து சொன்னேன். “கால் கூடிவிட்டதல்லவா?” என்று கேட்டார் அந்த மருத்துவர். கூடிவிட்டது என்றேன். “அப்புறம் என்ன?” என்றார். அவர் கடுமையாகச் சொல்லவில்லை. புன்னகையோடுதான் சொன்னார். என் சீட்டில் ‘நலம்’ என்று எழுதினார்.

வேட்டி கட்டுபவர்களுக்கு நான் சொல்வது புரியும். வேட்டியை இழுத்துச் செருகும் இடம் எது? இடுப்பெலும்பின் மேல் விளிம்பு. சரியாக அவ்விடத்தில் என் வடு. அடுத்த நான்கு ஆண்டுகள் நான் வேட்டியை நெகிழக் கட்டிக்கொண்டு வகுப்பில் அடிக்கடி பிடித்துக்கொண்டே பாடம் நடத்தினேன். பின் வரிசைப் பிள்ளைகள் அதற்காக எனக்கு ஒரு பட்டப்பெயரும் வைத்தார்கள். அதனை இங்கே சொல்வதற்கில்லை.

மருத்துவமனையில் மறுபரிசோதனைக்குக் காத்திருந்த வரிசையில் ஓர் அம்மாளைச் சந்தித்தேன். அரூர்ப் பக்கத்துக் கிராமத்தவர். முதுகெலும்பில் காசநோய் கண்டு, இரு கால்களும் செயலற்று, அறுவை செய்து பிழைத்தவர். அவருக்கும் இடுப்பெலும்பையே எடுத்து முதுகில் வைத்திருந்தனர். “நடக்கிறேன் அண்ணா, சாமி புண்ணியம். ஆனா குடத்தை இடுப்புல வெக்க முடியலியே. அந்தப் பக்கம் வெச்சுப் பழக்கமே இல்ல” என்றார். கோடையில் தண்ணீருக்கு அரைக்கல் தொலைவு நடந்த ஊர் அவருடையது. குடம் இருக்கும் இடமும், குழந்தை இருக்கும் இடமும், மருத்துவர் எலும்பெடுக்கும் இடமும் ஒன்றே. அந்த அம்மாளை எந்த இடுப்பில் குடம் வைப்பீர்கள் என்று அறுவைக்கு முன்னால் ஒருவர் கேட்டிருந்தால், மறுபக்கத்தில் எடுத்திருக்கலாம். அதற்கு ஒரு காசு செலவில்லை.

அந்தப் பேச்சுத்தான் என்னை இவ்வரலாற்றைத் தேடிப் படிக்க வைத்தது. தேடியபோது, இத்துறையில் உலகம் திரும்பிப் பார்த்த ஓர் ஆராய்ச்சி நம் சென்னையிலேயே நடந்திருப்பதை அறிந்தேன்.

முதுகெலும்புக் காசநோயை 1779-இல் விளக்கி எழுதியவர் பெர்சிவல் பாட் என்ற ஆங்கில மருத்துவர். நோயால் எலும்பு நொறுங்கும். முதுகு கூனும். சிலருக்குக் கால் விழும். ஆண்டுக்கணக்கில் படுக்கையில் கிடத்துவதும் மாக்கட்டுச் சட்டை போடுவதுமே நெடுங்கால மருத்துவமாயிருந்தது. 1950-களில் ஹாங்காங்கில் ஹாட்ஜ்சன், ஸ்டாக் என்னும் இருவர் துணிவான ஒரு வழியைக் கண்டனர். மார்பின் வழியாக முன்புறமிருந்து சென்று, அரித்த எலும்பை அறவே நீக்கி, விலா எலும்பையோ இடுப்பெலும்பையோ வெட்டி அந்தப் பள்ளத்தில் தூணாக நிறுத்தினர். உலகமெங்கும் இதற்குப் புகழ் பெருகிற்று. அதே ஆண்டுகளில்தான் காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்துகளும் வந்துகொண்டிருந்தன. எலும்பைக் குணமாக்கியது கத்தியா, மாத்திரையா? இதற்கு விடை எவருக்கும் உறுதியாகத் தெரியாது.

சென்னையில் 1956-இல் தொடங்கப்பட்ட காசநோய் மருந்தாய்வு நிலையம் இத்தகைய கேள்விகளைக் கேட்பதில் பேர் பெற்றது. நுரையீரல் காசநோயாளிகளை ஆரோக்கிய விடுதியில் வைத்து நல்லுணவு கொடுத்துப் பார்ப்பதும், அவர்களைத் தம் நெருக்கடியான வீடுகளிலேயே இருக்கவிட்டு மருந்து கொடுப்பதும் ஏறக்குறைய ஒரே பயனைத் தருகின்றன என்று 1959-இல் காட்டி, உலகத்துக் காசநோய் விடுதிகளின் கதவை மூடத் துணைபுரிந்தது அந்நிலையம்தான். அதே நிலையமும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை அரசு மருத்துவமனைகளின் எலும்பு மருத்துவர்களும் சேர்ந்து, 1970-களில் முதுகெலும்புக் காசநோயாளிகளை மூன்று பிரிவாக்கினர். யார் எப்பிரிவு என்பதை மருத்துவர் விருப்பத்துக்கு விடவில்லை. சீட்டுக் குலுக்குவது போன்ற முறையால் தீர்மானித்தனர். முதற்பிரிவினருக்கு ஹாங்காங் முறையில் எலும்பு ஒட்டறுவையும் ஆறு மாத மருந்தும். இரண்டாம் பிரிவினருக்கு அறுவை இல்லை. நடமாடிக்கொண்டே ஆறு மாத மருந்து. மூன்றாம் பிரிவினருக்கு அவ்வாறே ஒன்பது மாத மருந்து. மருந்து மூவருக்கும் ஐசோநயாசிடும் ரிபாம்பிசினும்.

பிறகு அவர்கள் செய்ததுதான் பெரிது. பத்தாண்டுக் காலம் விடாமல் தொடர்ந்து பார்த்தார்கள். பாருங்கள், நம் நாட்டில் ஒரு நோயாளியைப் பத்தாண்டு தேடிப் பிடிப்பது எளிதா! வீடு மாறுவார், ஊர் மாறுவார், மணமாகிப் போவார். அப்படியிருந்தும் பத்தாண்டு முடிவில் முதற்பிரிவில் 78 பேரையும், இரண்டாவதில் 78 பேரையும், மூன்றாவதில் 79 பேரையும் கணக்கிட முடிந்தது. 1999-இல் வெளியான முடிவு இது: அறுவை செய்தவர்களில் 100-க்கு 90 பேர் நற்பயன் பெற்றிருந்தனர். அறுவையின்றி ஆறு மாத மருந்து உண்டவர்களில் 94 பேர். ஒன்பது மாதம் உண்டவர்களில் 99 பேர்.

இதனை ஆத்திரப்பட்டுப் படிக்கக் கூடாது. அறுவை வீண் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில், தொடக்கத்திலேயே கூனின் கோணம் 30 பாகைக்கு மேல் இருந்தவர்களுக்கு, ஆறு மாத மருந்து மட்டும் கொடுத்தபோது கூன் கணிசமாக வளர்ந்தது என்று அதே அறிக்கை எச்சரித்தது. தண்டுவடம் நசுங்கிக் கால் விழுந்தவர்களுக்கு அறுவை இன்றும் தேவையாகக் கூடும். அரூர் அம்மாளுக்கு அது தேவையாயிருந்தது. மறுபுறத்தில், 1989-இல் தமிழகத்து மருத்துவர்களான இராசசேகரனும் சௌந்தரபாண்டியனும், முதுகில் நிறுத்திய எலும்புத்தூண் நீளமாக நீளமாக அது நழுவவும் முறியவும் செய்கிறது என்று எடுத்துக்காட்டினர். ஆகவே யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்பது தெளிவாகத் தொடங்கிற்று. நடந்து வரும் நோயாளிகளுள் மிகப் பலருக்கு இடுப்பைக் கீறாமலே குணம் உண்டு என்பது நிலைநாட்டப்பட்டது. கொடுத்த இடத்தின் நோவுக்கு, கொடுக்க வேண்டாம் என்று சொல்வதைக் காட்டிலும் நல்ல மருந்து ஏது?

ஆயினும் ஒன்றைக் கவனித்தேன். நற்பயன் என்று அவர்கள் வரையறுத்தது முதுகைப் பற்றியது. நோய் அடங்கியதா, சீழ்க்கட்டி மறைந்ததா, கால் வலுவுண்டா, வழக்கமான வேலையைச் செய்ய முடிகிறதா என்பன அதில் உண்டு. அது பிழையன்று. கேட்ட கேள்விக்கு நேர்மையாக விடை கண்டார்கள். குடம் பற்றிய கேள்வி அவர்கள் கேள்வி அன்று. மன்றோ காலத்துப் பாராமகால் ஏடுகளில் எந்த வயல் எந்தத் தரம், எவ்வளவு தீர்வை என்று காணலாம். ஏர் பிடித்தவனின் தோள் நோவை அங்கே தேடினால் கிடைக்குமா? ஏடு எதற்காக எழுதப்பட்டதோ அதைத்தான் சொல்லும். வரலாறு பயில்பவர்கள் ஏட்டில் இல்லாததை நடக்காதது என்று எண்ணிவிடுகிறார்கள். நானும் பல ஆண்டு அப்படியே பாடம் சொல்லிவந்தேன்.

இடுப்பை எண்ணத் தொடங்கியது எப்போது? 1989-இல் யங்கர், சாப்மன் என்ற இருவர் 239 நோயாளிகளிடம் எடுத்த 243 ஒட்டுகளின் மருத்துவக் குறிப்புகளைப் புரட்டி, கொடுத்த இடத்தில் பெரிய கேடு 100-க்கு 8.6 பேருக்கும், சிறிய கேடு 20.6 பேருக்கும் நேர்ந்ததாகக் கணக்கிட்டனர். அதுவும் குறிப்பில் எழுதப்பட்டவை மட்டுமே. என் சீட்டு அவர்கள் கையில் கிடைத்திருந்தால் ‘நலம்’ என்ற கட்டத்தில்தான் விழுந்திருப்பேன். நோயாளியையே நேராகக் கேட்ட பின்னாள் ஆய்வுகளில் எண்ணிக்கை உயர்ந்தது. முதுகறுவை செய்துகொண்ட 208 பேரைத் தொடர்ந்து கேட்டு 2005-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இரண்டாண்டு கழித்தும் 100-க்கு 31 பேர் இடுப்பில் நோவு இருப்பதாகச் சொன்னார்கள்.

நோவின் காரணமும் இதற்குள் தெளிவாகிவிட்டது. எலும்பின் மேல் போர்த்திய மெல்லிய சவ்வு நரம்பு நிறைந்தது. எலும்பெடுக்க அதனை உரிக்காமல் முடியாது. வயிற்றுத் தசையும் பிட்டத்துத் தசையும் இடுப்பு விளிம்பில்தான் வேர் கொள்கின்றன. அதனால்தான் தும்மலும் நடையும் அங்கே போய்த் தாக்குகின்றன. முன்புறத்தில், வெளித்தொடைக்கு உணர்ச்சி தரும் நரம்பு ஒன்று இடுப்பு முனையை ஒட்டிச் செல்கிறது. இழுபட்டாலும் வெட்டுண்டாலும் தொடை மரக்கும். என் எறும்புகளுக்கு விடை இருபது ஆண்டு கழித்து ஒரு புத்தகத்தில் கிடைத்தது! பின்புறத்திலோ, நடு எலும்பு முனையிலிருந்து ஏறக்குறைய 8 சென்டிமீட்டர் தள்ளிச் சில தோல் நரம்புகள் விளிம்பைக் கடக்கின்றன. கீறல் அந்த எல்லையைத் தாண்டாமலிருக்க வேண்டும் என்று இன்று மாணவர்களுக்குக் கற்பிக்கிறார்கள்.

இங்கே கதை ஒரு திருப்பம் கொள்கிறது. 1965-இல் மார்ஷல் யூரிஸ்ட் என்ற அமெரிக்கர், எலும்புக்குள் எலும்பை வளரச் செய்யும் ஒரு பொருள் இருக்கிறது என்று காட்டினார். அதனைச் செயற்கையாகச் செய்து, இடுப்பைத் தொடாமலே முதுகெலும்பை ஒட்டலாம் என்று 2002-இல் அமெரிக்காவில் ஒப்புதல் அளித்தனர். கொடுத்த இடத்தின் நோவு திடீரென்று எல்லோர் வாயிலும் புகுந்தது. நெடுநாள் ஒருவரும் பேசாத நோவு, அதற்கு மாற்றுப்பொருள் விற்பனைக்கு வந்தவுடன் பேசப்பட்டது. 2011-இல் அமெரிக்க முதுகெலும்பு மருத்துவ இதழொன்று, அப்பொருளின் தீங்குகள் குறைத்துக் கூறப்பட்டன என்றும், இடுப்பு நோவு மிகைப்படுத்தப்பட்டது என்றும் ஆராய்ந்து எழுதியது. அதே ஆண்டில் வேறோர் ஆய்வில், முதுகறுவை செய்துகொண்டவர்களை இடுப்பெலும்பு எடுத்தோர், எடுக்காதோர் என்று ஒப்பிட்டுத் தொட்டுப் பார்த்தபோது, இரு சாராருக்கும் பின்னிடுப்பில் ஏறக்குறைய ஒரே அளவு நோவு இருந்தது. முதுகின் நோவே இடுப்புக்கு இறங்கி வந்து, எலும்பெடுத்த இடத்தின் மேல் பழி விழுந்திருக்கலாம்.

இதனைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் சினம் வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் நோவைப் பொய் என்கிறார்களோ என்று தோன்றிற்று. பிறகு அமைதியாக எண்ணினேன். எனக்கு முதுகு நோய் இல்லை. என் இடுப்பு நோவு என் இடுப்பினுடையதுதான். ஆனால் வேறு சிலருக்கு அவ்வாறு இல்லாமலிருக்கலாம். முன்பு கேளாதிருந்ததும் பிழை. பின்பு விற்பனைக்காக ஊதிப் பெருக்கியதும் பிழை. இரண்டுக்கும் நடுவே உண்மையான அளவு எங்கோ இருக்கிறது.

வேறு வழிகளும் வளர்ந்துள்ளன. ருசிய நாட்டுக் குர்கான் நகரில் இலிசரோவ் என்பவர் 1951 முதல் வளையக் கம்பிகளைக் காலைச் சுற்றிப் பொருத்தி, முறிந்த எலும்பை நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் மெல்ல இழுத்து, இடைவெளியில் புது எலும்பை வளரச் செய்தார். பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனையில் 1988-இல் திசு வங்கி ஏற்பட்டு, பிறர் கொடுத்த எலும்பைக் கதிரியக்கத்தால் தூய்மைப்படுத்திப் பயன்படுத்த வழி வந்தது. இடுப்பெலும்பையே எடுக்கும் இடத்திலும் சிறு கீறல், காயத்திலேயே மரப்பு மருந்து என்று பல திருத்தங்கள் வந்துவிட்டன.

அரூர் அம்மாளை நான் பிறகு பார்க்கவில்லை. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நம் மாவட்டத்துக்கு வந்தது. அத்திட்டம் வந்த காரணமே எலும்பைச் சார்ந்ததுதான். நம் நிலத்தடி நீரிலுள்ள புளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுத்துவந்தது. தெருவில் குழாய் வந்த அன்று என் நினைவு அவருடைய இடுப்பின் மேல் சென்றது.

சென்ற ஆண்டு, என்னிடம் ஏழாம் வகுப்பில் வரலாறு படித்த மாணவி ஒருத்தி, இப்போது எலும்பு மருத்துவத்தில் மேற்படிப்புப் படிப்பவள், வீட்டுக்கு வந்திருந்தாள். பேச்சு எப்படியோ என் காலுக்குச் சென்றது. அவள் காலைப் பார்க்கவில்லை. “எந்த இடுப்பில் எடுத்தார்கள் ஐயா? இன்னும் வலிக்கிறதா?” என்றாள்.

“மழைக்கு முந்திய நாளில் மட்டும், அம்மா” என்றேன்.

“நோயாளி எந்தப் பக்கத்தில் குடம் தூக்குவார் என்று நாங்கள் கேட்பதில்லையே” என்றாள், நான் மற்றக் கதையைச் சொல்லி முடித்தபோது. பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டாள்.